லைட் வருதா, சகலை?

எங்கள் வீட்டு ஷெட்டைக் கட்டியவன் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று பத்து வருடமாகக் காத்திருக்கிறேன். இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவே மிச்சம் விழுந்த சந்து. மேலே தகரத்தைப் போட்டு அதற்கு ஷெட் என்று பெயரும் வைத்துவிட்டான். என் கார் அதில் நுழையும். நுழைந்த பிறகு கதவு ஒரு சாண்கூடத் திறக்காது. அதனால் வண்டியை உள்ளே விட்டதும் டாஷ்போர்டில் உள்ள பட்டனை அழுத்துவேன். பின்னால் டிக்கி டக்கென்று திறந்துகொள்ளும். பின் சீட்டை மடக்கி, தவழ்ந்து, டிக்கி வழியாக இறங்குவேன். ஏறுவதும் அப்படித்தான். என் மனைவி முதல் ஒரு வருடம் இதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு அவளுக்கும் பழகிவிட்டது.

அந்த வியாழக்கிழமை மதியம் மூன்றரை மணிக்குப் பட்டனை அழுத்தினேன். டக் வரவில்லை. இன்னொரு தடவை அழுத்தினேன். அப்போதும் வரவில்லை.

“பேட்டரி மொத்தமா இறங்கிடுச்சு சகலை” என்றார் பக்கத்து சீட்டில் இருந்தவர்.

அவர் என் மனைவியின் அக்கா புருஷன். ஆட்டோ எலக்ட்ரீஷியன். வொர்க்‌ஷாப்பில் எல்லோரும் அவரைக் ‘கரண்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் சகலை என்று கூப்பிட்டுக்கொள்வோம். அதாவது, பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

மழையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதற்காகக் கிளம்பியிருந்தோம். வைப்பர், ஹெட்லைட் எல்லாம் போட்டு ஓட்டினால் கோளாறு சீக்கிரம் வெளியே வரும் என்று அவர்தான் சொன்னார். வந்தது. எங்கள் வாசலுக்கு வந்து சேரும்போது இன்ஜின் இருமி நின்றுவிட்டது. பழக்க தோஷத்தில் நான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். வண்டி சரிவில் தானாக உருண்டு ஷெட்டுக்குள் போய் நின்றது. தெருவிலேயே விட்டிருந்தால் கதவைத் திறந்து மனிதர்கள் மாதிரி இறங்கியிருக்கலாம்.

கண்ணாடியும் பேட்டரியில் இறங்குவதுதான். மழைக்காக ஏற்றிவிட்டிருந்தோம். கதவைத் தள்ளினால் சுவரில் இடித்து நின்றது. அந்த இடுக்கில் என் கை முழங்கைவரை வெளியே போனது, தோள் போகவில்லை. பின்னால் தள்ளிக்கொண்டு போகலாம் என்றால் சரிவு உள்பக்கம். அதோடு, தள்ளுவதற்கு வெளியே ஆள் வேண்டும். நாங்கள் இரண்டு பேருமே உள்ளே இருந்தோம்.

மனைவிக்கு போன் செய்தேன். அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள்.

“டிக்கிக்குள்ள மாட்டிக்கிட்டீங்களா?”

“டிக்கிக்குள்ள இல்லடி, காருக்குள்ள. மாத்துச் சாவி வீட்ல இருக்குல்ல? வந்து வெளியில இருந்து டிக்கியத் திற.”

“நாலரைக்குத்தான் விடுவாங்க. வந்து சேர அஞ்சாயிடும். கூட யாரு?”

“மாமா.”

“நல்லா மாட்டினீங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஐந்து மணி. அந்த நேரத்தைக் கேட்டதும் சகலை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்குள் இந்த வண்டியின் கோளாறு என்னவென்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று அவருடைய ஓனர் சொல்லியிருந்தார். ஓனர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் நான்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். அதை நான் மறுப்பதில்லை. இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வர நியாயமும் இருந்தது. நான் ஒரு ஆபீஸுக்கு வண்டி ஓட்டுகிறேன். காலையிலும் மாலையிலும் நாலு பேரை ஏற்றி இறக்க வேண்டும். வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது. சகலைதான் புதிதாக ஒன்று மாட்டிக் கொடுத்தார். மறுநாளே மீட்டர் போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட் எரிய ஆரம்பித்தது.

முன்சீட்டில் உட்காரும் மேனேஜர் அம்மாவின் கண்ணில் அது பட்டுவிட்டது. “இது என்ன சிவப்பா எரியுது? வண்டி வெடிச்சிடாதே?” என்றார். எங்கள் ஆபீஸில் ஒரு சட்டம் உண்டு. எச்சரிக்கை லைட் எரிந்தால் வண்டியை நிறுத்திவிட்டுத் தகவல் சொல்ல வேண்டும். மறைத்தால் டிரைவருக்கு வேலை இல்லை. வண்டியை நிறுத்தினால் அன்றைக்கு வேறொருவன் வருவான். அப்படி வந்தவன் எவனும் திரும்பிப் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அன்று மதியம் நானே கழற்றினேன். மீட்டர் மூடிக்கு நாலு ஸ்க்ரூ. மூடியை எடுத்து, மீட்டரை முன்னால் இழுத்து, பின்னால் கைவிட்டுப் பல்பைத் திருகினால் கையோடு வந்துவிட்டது. துவரம்பருப்பு அளவுதான் இருந்தது. கியருக்கு முன்னால் சில்லறை போடும் சின்னத் தட்டில், ஒரு சட்டைப் பொத்தானுக்கும் இரண்டு ஊக்குக்கும் நடுவே அதைப் போட்டேன். திரும்ப மாட்டும்போது ஒரு ஸ்க்ரூ எங்கோ விழுந்து தொலைந்தது. தேடினேன், கிடைக்கவில்லை. மூன்று போதும் என்று விட்டுவிட்டேன். மேனேஜர் அம்மாவும் மறுநாள் நிம்மதியாக ஏறினார்.

அதற்கு அடுத்த நாள், நாலு பேரோடு சிக்னலில் வண்டி படுத்துவிட்டது.

வொர்க்‌ஷாப்புக்குப் போய் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க நின்றேன். சகலை பானட்டைத் திறந்து உள்ளே குனிந்தார். ஐந்து நிமிடத்தில் நிமிர்ந்தார். “என் தப்புதான் சகலை. ஆல்டர்னேட்டர் பின்னாடி இந்த பிளக் சரியா உக்காரல. அதான் லைட் எரிஞ்சிருக்கு.” அழுத்தி மாட்டிவிட்டு, குனிந்தபடியே கேட்டார்: “சாவியப் போடுங்க. சிவப்பு லைட் வருதா?”

நான் டிரைவர் சீட்டில் இருந்தேன். எண்ணெய் லைட் வந்தது, ஹேண்ட்பிரேக் லைட் வந்தது. பேட்டரி லைட் இருந்த இடம் இருட்டாக இருந்தது. பல்பைக் கழற்றினேன் என்று சொல்லியிருக்கலாம். பக்கத்திலேயே ஓனர் நின்றுகொண்டிருந்தார். எங்கள் ஆபீஸ் வண்டிகளை எல்லாம் பார்ப்பவர் அவர்தான். அவர் காதில் விழுந்தால் ஆபீஸ் காதிலும் விழும். ஒரு பொட்டு வெளிச்சத்துக்காக எதற்கு வம்பு?

“வருது, வருது” என்றேன்.

“ஸ்டார்ட் பண்ணதும் போயிடுச்சா?”

“போயிடுச்சு.”

அவர் ஆக்சிலேட்டர் கேபிளை இழுத்து இன்ஜினை ரேஸ் பண்ணிவிட்டு, வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்தார். பதினாலு காட்டியது. அனுப்பிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து வண்டி மறுபடியும் படுத்தது. அவர் பேட்டரியை மாற்றினார். அப்புறமும் படுத்தது. வயர்களின் மேல் சுற்றிய டேப்பையெல்லாம் அறுத்து, ஒவ்வொரு வயராகத் தடவிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பானட்டுக்குக் கீழே இருந்து அதே கேள்வி வரும். ஒவ்வொரு தடவையும் நான் வருது என்பேன். கடைசியில் கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது.

நாலாவது தடவை, அந்தத் திங்கட்கிழமை, வொர்க்‌ஷாப் நடுவில் நின்று கத்தினேன். “வேலை தெரியாதவனை எல்லாம் வச்சுக் கடை நடத்துறீங்களா?” சகலை அங்கேயேதான் நின்றார், கையில் துணியோடு. ஓனர் வியாழக்கிழமை ஐந்து மணி என்று கெடு வைத்தார். அன்றைக்கே அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இந்த வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, யாரும் கூப்பிடாமல், டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அவர் என் வீட்டுக்கு வந்தார்.

அந்த டூல் பாக்ஸ் இப்போது வராந்தாவில் பத்திரமாக இருந்தது.

சகலை பின் சீட்டுக்குத் தாவி, டிக்கியை உள்ளிருந்து திறக்க முடியுமா என்று தடவிப் பார்த்தார். “தகடுக்குப் பின்னாடி இருக்கு லாக். பத்தாம் நம்பர் ஸ்பேனர் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது” என்று பின் சீட்டிலேயே சாய்ந்துகொண்டார். தகரத்தின் மேல் மழை கொட்டியது. கண்ணாடியெல்லாம் எங்கள் மூச்சிலேயே வெளுத்துப்போயிருந்தது. கதவு இடுக்கில் வந்த காற்று இரண்டு பேருக்குப் போதவில்லை. திங்கட்கிழமையிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத மனிதரோடு இப்படி உட்கார்ந்திருப்பதற்கு, நனைந்தபடி தெருவில் நிற்பதே மேல் என்று தோன்றியது.

நாலேகாலுக்கு அவரே பேச ஆரம்பித்தார். என்னிடம் பேசுகிறார் என்று சொல்ல முடியாது. கோளாறிடம் பேசினார்.

“ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கு. பேட்டரி புதுசு. பெல்ட் டைட்டு. வொர்க்‌ஷாப்ல வச்சா பதினாலு காட்டுது. ரோட்டுல வந்தா சார்ஜ் ஏறல. ஏன்?”

நான் கைக்குட்டையால் முன் கண்ணாடியைத் துடைத்தேன்.

“இந்த மாதிரி வண்டியில ஆல்டர்னேட்டர் தானா வேலை செய்யாது சகலை. முதல்ல அதைத் தட்டி எழுப்பணும். சாவி போட்டதும் அந்த சிவப்பு பல்பு வழியா கொஞ்சூண்டு கரண்டு போகும். அது போனாத்தான் ஆல்டர்னேட்டர் கண்ணு முழிக்கும். முழிச்சப்புறம் பல்பு அணைஞ்சிடும்.”

“பல்பு வழியாவா?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

“ஆமா. லைட்டு சும்மா நமக்குக் காட்ட மட்டும் இல்ல. வழியே அதுதான். பல்பு இல்லன்னா ஆல்டர்னேட்டர் தூங்கிட்டே சுத்தும். பலமா ரேஸ் பண்ணா மட்டும் சில சமயம் தானா முழிச்சுக்கும். நான் வொர்க்‌ஷாப்ல ரேஸ் பண்ணித்தானே பாக்குறேன், பதினாலு வந்துடுது. நீங்க டவுனுக்குள்ள மெதுவா ஓட்டுறீங்க, ஏறல.” மூச்சு வாங்கினார். “எல்லாம் பல்பு இல்லாத வண்டி மாதிரியே இருக்கு. அச்சு அசல். ஆனா பல்புதான் வருதுன்னு நீங்க சொல்றீங்களே. அங்கதான் எனக்கு இடிக்குது.”

என் முழங்காலுக்குப் பக்கத்தில் அந்தத் தட்டு இருந்தது. பொத்தான், ஊக்கு, பல்பு. கையை நீட்டினால் எடுத்துவிடலாம். அவர் கைநீட்டினாலும் எடுத்துவிடலாம். பதினைந்து நாளாக அந்த மனிதரைப் பாடாய்ப் படுத்தியது அந்தத் துவரம்பருப்பு. இல்லை. நான்.

“வேற கஸ்டமரா இருந்தா நானே சீட்ல உக்காந்து பாத்திருப்பேன்” என்றார். “யாரு சொன்னாலும் நம்ப மாட்டேன். தொழில்ல அது முதல் பாடம். நீங்கங்கிறதால...” முடிக்கவில்லை.

தண்ணீர் பாட்டிலை எடுக்க இரண்டு சீட்டுக்கும் நடுவே முன்னால் குனிந்தார். நான் தட்டின் மேல் கைக்குட்டையைப் போட்டேன். அவர் அதைப் பார்க்கவில்லை. மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணு ஸ்க்ரூதான் இருக்கு.”

“என்னது?”

“மீட்டர் மூடியில. நாலு இருக்கணும்.” அவர் விரல் அந்த வெறும் ஓட்டையைத் தொட்டது. “ஸ்க்ரூ தலையிலயும் புதுசாக் கீறல் இருக்கு. நான் மீட்டரைக் கழட்டவே இல்லையே.”

“பழைய வண்டி. எங்கயாவது விழுந்திருக்கும்.”

அவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மெதுவாகப் பின் சீட்டுக்குப் போனார். குடிக்கவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. நான் கண்ணாடியைப் பார்ப்பதை நிறுத்தினேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. சொன்னால் ஓனருக்குத் தெரியும். ஓனர் ஆபீஸுக்குச் சொல்வார். லைட்டை மறைத்து நாலு பேரை ஏற்றி ஓட்டியவனை அவர்கள் ஒரு நாள்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லாவிட்டால் இவர் போவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் போன் அடித்தது. ஓனர் குரல் எனக்கே கேட்டது.

“என்ன கரண்டு, கிடைச்சுதா இல்லையா?”

“ஒரு நிமிஷம் சார்.” சகலை போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். “சகலை, சாவியப் போடுங்க. இவ்வளவு நேரம் சும்மா இருந்துச்சுல்ல, பேட்டரிக்குக் கொஞ்சம் உயிர் வந்திருக்கும்.”

போட்டேன். எண்ணெய் லைட் மங்கலாக, சாகப்போகிற மாதிரி எரிந்தது. பக்கத்தில் இருட்டு.

“சிவப்பு லைட் வருதா?”

அவர் எட்டிப் பார்த்திருக்கலாம். ஒரு முழம் முன்னால் குனிந்தால் போதும். குனியவில்லை. சீட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடி, போனைப் பொத்திக்கொண்டு, என் பதிலுக்காகக் காத்திருந்தார். அவசரமே படவில்லை. ஓனர் போனுக்குள் ஏதோ கத்திக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்க சகலை. வருதா?”

“வருது” என்றேன்.

அவர் ஒரு தடவை தலையை ஆட்டினார். கையை எடுத்துவிட்டு போனைக் காதில் வைத்தார். “கண்டுபிடிக்க முடியல சார். சாமானெல்லாம் காலையில கொண்டாந்து ஒப்படைச்சிடறேன்.”

கொஞ்ச நேரத்தில் பின்னால் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. டிக்கி திறந்து மழைக் காற்று உள்ளே வந்தது. என் மனைவி குடையோடு நின்றாள். சகலை முதலில் தவழ்ந்து இறங்கினார். “கைய புடிச்சுக்குங்க மாமா” என்று அவள் கை நீட்டினாள். கோபத்தைவிட ஈரம் கூடுதலாக இருந்தது போல. அவர் கையைப் பிடித்து இறங்கி, வராந்தாவில் இருந்த டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மழையிலேயே போனார். குடையைக் கொடுத்தும் வாங்கவில்லை. நான் இன்னும் டிரைவர் சீட்டில்தான் இருந்தேன்.

“நீங்க வரலையா?” என்று கேட்டாள். கால் மரத்துவிட்டது என்றேன்.

அடுத்த நாள் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி வந்து, பல்பை மாட்டினேன். கால் மணி நேர வேலை. வண்டி அதற்குப் பிறகு ஒரு தடவைகூடப் படுக்கவில்லை. வேறொருவரிடம் காட்டினேன், சரியாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். “அப்ப நிஜமாவே மாமாவுக்கு வேலை தெரியாதுதானா? பாவம், இத்தனை வருஷமா...” என்றாள் என் மனைவி. நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அதையும் கோபம் என்றுதான் அவள் நினைத்தாள்.

நாலு வண்டியில் கைவைத்தும் கோளாறு தெரியாதவர் என்று பேர் கிளம்பினால் எந்த வொர்க்‌ஷாப்பும் எடுக்காது. இவருக்கு ஒரே வண்டி போதுமாயிருந்தது. சகலை ஒரு பார்சல் கிடங்கில் மூட்டை இறக்கும் வேலைக்குப் போனார்.

இரண்டு மாதத்தில் அக்கா தங்கை சமாதானமாகிவிட்டார்கள். ஒரு ஞாயிறு இரவு அக்காவும் சகலையும் எங்கள் வீட்டில் தங்கினார்கள். காலையில், “நீங்க போற வழிதானே, அவரைக் கிடங்குல விட்டுடுங்க” என்று மனைவி சொன்னாள். மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

டிக்கி வழியாக ஏறினோம். அவர் முன்சீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். எனக்குச் சாவியைப் போடக் கை வரவில்லை. போட்டேன். சிவப்பு லைட் பளிச்சென்று வந்தது. ஸ்டார்ட் செய்ததும் அணைந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வழி நெடுக மழையைப் பற்றியும் அவர் மகளின் பரீட்சையைப் பற்றியும் பேசினார். சிரித்தார்கூட. நான் எதற்கோ ஆமாம் என்றேன், எதற்கோ இல்லை என்றேன்.

கிடங்கு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே கறுப்பாக ஒரு சின்ன ஸ்க்ரூ.

“மீட்டர் மூடிக்கு ஒண்ணு குறைஞ்சுதுல்ல. இது அளவு சரியா இருக்கும்” என்று அந்தச் சில்லறைத் தட்டில் வைத்தார். பல்பு கிடந்த அதே இடத்தில், பொத்தானுக்கும் ஊக்குக்கும் நடுவே.

“சகலை...” என்றேன்.

“நேரமாச்சு, வர்றேன்” என்றார்.

கதவை முழுதாகத் திறந்து, இறங்கி, மெதுவாகச் சாத்திவிட்டு நடந்தார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அது எனக்குக் கைவந்த கலை. அவருக்குத் தெரியும். அந்தக் காருக்குள் கேட்டபோதே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் இரண்டு தடவை கேட்டிருக்கிறார்.

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. இன்ஜின் எப்போது அணைந்தது, நான்தான் அணைத்தேனா என்று ஞாபகமில்லை. சாவியைத் திருப்பினேன். சிவப்பு லைட் வந்தது.

“வருது” என்றேன், வண்டிக்குள் யாரும் இல்லாமல்.